சென்சஸில் மாடு கூடுது, சேலத்தில் கறி ஏன் குறையுது? மாட்டிறைச்சி வரத்துக் கணக்கு

#1 – கணக்குமாடு

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாடு 19.25 கோடி, எருமை 10.98 கோடி. 2012-ஐ விட இரண்டுமே ஒரு சதவீதம் போலக் கூடுதல். தமிழ்நாட்டில் மாடு 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாக ஏறியிருக்கிறது. ஆனால் சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கம் எந்தக் கறிக்கடையில் கேட்டாலும் ஒரே பாட்டு: "அடிமாடு வரத்து இல்லை." மாடு கூடியிருந்தால் வரத்தும் கூடணும் இல்லையா? நாட்டு அளவிலும் நம்ம ஊர் அளவிலும் இந்தக் கணக்கை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. சாமி, சாதி, கட்சி மூணையும் வாசல்லயே விட்டுட்டு வாங்க.

#2 – எட்டுப்பல்

மொத்தத்தைப் பார்த்தால் ஏமாந்துதான் போவீங்க. ஆண், பெண் பிரிச்சுப் பாருங்க. அதே 2019 கணக்கில் பசு இனத்தில் பெண் மாடு 14.51 கோடி, 2012-ஐ விட 18% கூடுதல். ஆண் மாடு 4.74 கோடி, 30% வீழ்ச்சி. ஏர் போய் டிராக்டர் வந்தது, வண்டிமாடு போய் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வந்தது. உழவுக்கு வச்சிருந்து கிழடான காளைதான் முன்னே கறிக்கடைக்கு முக்கிய வரத்து. அந்த ஊற்றுதான் வத்திக்கிட்டு இருக்கு.

இதோட தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சேர்த்து வையுங்க. 1958 விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேல் ஆகி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, இல்லாவிட்டால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு, இந்த இரண்டுக்குத்தான் அறுக்கச் சான்று கிடைக்கும். எருமையும் இந்தச் சட்டத்துக்குள்தான். அதுக்கு மேல 1976 அரசாணை, பசுவையும் கிடேரியையும் அறுவைக்கூடங்களில் அறுக்கக் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. ஆக, இங்கே சட்டப்படி கறியாகிறது கிழட்டுக் காளை, எருது, எருமை மட்டும். கணக்கெடுப்பில் கூடினது பசு. உங்க கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே முடிஞ்சது.

#3 – கணக்குமாடு

இது நல்ல இடம். அப்போ தமிழ்நாட்டு எருமை?

#4 – எட்டுப்பல்

2012-ல் 7.8 லட்சம், 2019-ல் 5.19 லட்சம். தொண்ணூறுகளின் கடைசியில் 27 லட்சத்துக்கு மேல் இருந்தது. நாட்டு எண்ணிக்கை நிமிர்ந்து நிக்குதுன்னா அது உத்தரப் பிரதேசம் மாதிரி வடக்கு மாநிலங்களால. நம்ம பக்கம் எருமை முதல் கன்று போட நாலு வருஷத்தை ஒட்டி ஆகுது. சினைக்கு வந்தது வெளியே தெரியாத ஊமைப் பருவம் வேற. அதனால சினை ஊசி தவறுது, ஈத்துக்கு ஈத்து இடைவெளி 15 முதல் 18 மாசம்னு நீளுது. புரண்டு கிடக்க ஏரித் தண்ணியும் இல்லை. கலப்பினப் பசு அந்த இடத்தைப் பிடிச்சிருச்சு.

#5 – டன்_கிலோ

நாட்டுக் கணக்கை நான் போடறேன். ஒரு நாட்டில் மனுஷங்க சாப்பிடக் கிடைக்கிற இறைச்சி = உற்பத்தி + இறக்குமதி − ஏற்றுமதி, குளிர்கிடங்கு இருப்பு மாற்றத்தைக் கூட்டியோ கழித்தோ. நமக்கு மாட்டிறைச்சி இறக்குமதி கிடையாது. ஏற்றுமதி முழுக்க எலும்பு நீக்கின எருமைக்கறி. பசு இன இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை.

கால்நடைத் துறையின் அடிப்படைப் புள்ளிவிவரம், 2023-24: மொத்த இறைச்சி 102.5 லட்சம் டன். அதில் எருமை 18.09%, அதாவது சுமார் 18.5 லட்சம் டன். பசு இனம் 2.6%, சுமார் 2.7 லட்சம் டன். அதே வருஷ ஏற்றுமதி சுமார் 12.96 லட்சம் டன்.

18.5-லிருந்து 12.96-ஐக் கழிச்சு "5.5 லட்சம் டன் உள்நாட்டுக்கு" என்று எழுதுகிற கட்டுரைகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. தப்பு. உற்பத்தி, தோல், தலை, குடல் நீக்கி எலும்போடு தொங்கும் உடல் எடையில் இருக்கு, ஏற்றுமதி எலும்பில்லாத பெட்டி எடையில் இருக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க, எலும்பில்லாததை 1.4 ஆல் பெருக்கணும். 12.96 × 1.4 = 18.1. இப்போ கழிச்சா மிச்சம் 0.4 லட்சம் டன். கேரளா, ஹைதராபாத், வடகிழக்கு, நம்ம ஊர் எல்லாம் சேர்ந்து வருஷம் முழுக்க வெறும் 40 ஆயிரம் டன் எருமைக்கறியா சாப்பிடறோம்? நடக்காத காரியம்.

அதனால அரசு உற்பத்தி எண்ணில் பதிவாகாத அறுவை பெரிய அளவில் விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். அமெரிக்க வேளாண் துறை இந்தியாவுக்குப் போடற மதிப்பீடு 45 லட்சம் டன்னை ஒட்டி, எருமையும் பசுவும் சேர்த்து உடல் எடையில். அவங்க மந்தை அளவிலிருந்து கணக்குப் போடறாங்க, நாம பதிவான அறுவையிலிருந்து போடறோம். அவங்க கணக்கில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டிலேயே செலவாகுது. எது சரி என்று சண்டை போடறதை விட, ஒரே மூலத்தின் எண்களை மட்டும் வருஷா வருஷம் ஒப்பிடுங்க. இரண்டையும் கலந்தால் வளைகோடு பொய் சொல்லும்.

#6 – மேச்சேரி_தாம்புக்கயிறு

டன் கணக்கு இருக்கட்டுங்க, சந்தைக் கணக்கைச் சொல்றேன். மேச்சேரி புதன், கொங்கணாபுரம் சனி, ஈரோடு கருங்கல்பாளையம் வியாழன், பொள்ளாச்சி செவ்வாயும் வியாழனும். இந்த நாலுலயும் அடிமாட்டு விலையைக் கட்டுறது சேலத்துக்காரன் இல்லீங்க, கேரளா வியாபாரி. பாலக்காடு பக்கம் கறிக்கு நல்ல விலை நிக்கிறப்போ, விலையை விரல்ல பேசத் துண்டுக்குள்ள கை போட்டதும் அவன் விரல்தான் ஒண்ணு கூடப் பிடிக்கும். நம்ம ஊர்க் கடைக்காரர் மிச்சத்தைப் பொறுக்கணும். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், பக்ரீத்துக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே இழுப்பு ஆரம்பிச்சிரும்.

கர்நாடகா 2021 ஜனவரியில புதுச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்துச்சு. 13 வயசுக்கு மேல எருமை மட்டும்தான் அறுக்கலாம். அந்தப் பக்கத்து வரத்து அதோட மெலிஞ்சு, இப்போ ஆந்திரா எருமையை நம்பித்தான் நிறையக் கடை ஓடுது.

வண்டிக்கு 1978 போக்குவரத்து விதி ஆறு மாடுக்கு மேல ஏத்தக் கூடாதுங்குது. ராத்திரி முழுக்கப் போனா எடையில 5-லிருந்து 8% வழியிலேயே போயிரும். பாதி சாணியும் தண்ணியும்தான், ஆனா விலை பேசறப்போ அதையும் கழிச்சுத்தான் பேசுவாங்க.

#7 – கணக்குமாடு

உயிர் எடையை எப்படி மதிக்கிறீங்க? கண் மதிப்பா?

#8 – மேச்சேரி_தாம்புக்கயிறு

கண்ணுதான். ஆனா புதுசா வர்றவங்க டேப் வச்சுக்கிறது நல்லது. முன்னங்காலுக்குப் பின்னால மார்புச் சுற்றளவு அங்குலத்துல. தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு முனை வரை நீளம் அங்குலத்துல. சுற்றளவு × சுற்றளவு × நீளம், அதை 660 ஆல வகுத்தா கிலோ. 62 சுற்று, 52 நீளம்னா 303 கிலோ. வயிறு நிறையத் தண்ணி காட்டிக் கூட்டி வர்றது பழைய வித்தை, அதனாலதான் வயித்துல அளக்காம மார்புல அளக்கறோம்.

கிழட்டு எருதுக்கு உயிர் எடையில 48% போட்டா, தொங்கும் உடல் எடை 145 கிலோ, எலும்பு எடுத்தா 103. கொழுத்த எருமைக்கு 50 வரும். வத்தல் மாட்டுக்கு 44-க்கு மேல நம்பாதீங்க.

#9 – திப்பிமூட்டை

இவ்வளவு பேசிட்டு ஒண்ணை விட்டுட்டீங்களே, காளைக்கன்று எங்க போகுது? ஒரு மாதிரிக் கணக்கு, எல்லாம் அனுமானம்தான்: 100 கறவைப் பசு, வருஷத்துக்குத் தப்பிப் பிழைக்கும் கன்று 70, பாதி காளை என்றால் 35. இந்த 35-ம் ஒரு வாரத்தில் வித்தா ஒவ்வொண்ணுலயும் 12, 13 கிலோ உடல் எடைதான். மொத்தம் 450 கிலோ. அதே 35-ஐ 280 கிலோ வரை வளர்த்தா, பாதி எடைக்கு 140 வீதம் 4,900 கிலோ. பத்து மடங்கு கறியைப் பிறந்த வாரத்திலேயே தொலைக்கிறோம். நம்ம சேலத்துல ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மாவு எடுத்த மரவள்ளிக் கிழங்குச் சக்கை) மலிவா கிடைக்குது, ஏன் வளர்க்கக் கூடாது?

100 கிலோ கலப்புத் தீவனம்: மக்காச்சோளம் 25, காய்ந்த திப்பி 25, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 22, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. புரதம் 16% வரும். 150 கிலோ கன்றுக்கு இதில் 2 கிலோ, கோ-4 மாதிரிப் பசும்புல் 8 கிலோ, சோளத்தட்டு முக்கால் கிலோ. நாளைக்கு அரைக் கிலோ எடை ஏறும்.

திப்பியில் கோளாறு மூணு. முதலாவது, புரதம் 2-3% தான், முழுக்க மாவுச்சத்து. வயிறு நிறையும், சதை ஏறாது. புண்ணாக்கு இல்லாமத் திப்பியை மட்டும் கொட்டறவங்க கன்று பானை வயிறா நிக்கும். இரண்டாவது, ஈரத் திப்பியைக் குவிச்சு வச்சா ரெண்டு மூணு நாள்ல புளிச்சுப் பூசணம் பிடிக்கும். அதைப் போட்டா செரிமானம் கெடும், பூஞ்சை நஞ்சும் உண்டு. களத்துல மெல்லிசாப் பரப்பி, கையில் உதிர்ற பதத்துக்குக் காயவச்சுத்தான் மூட்டை கட்டணும். மூணாவது, திப்பியோட கிழங்குத் தோலும் கலந்து வரும். பச்சைத் தோல்ல சயனைடு இருக்கு. வெயில்ல நல்லாக் காயாம வைக்காதீங்க.

வைக்கோலுக்கு யூரியா: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, மிதிச்சு, தார்ப்பாய் போட்டுக் காத்துப் புகாம 21 நாள். பிரிச்சதும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடணும். ஆறு மாசத்துக்குக் கீழே உள்ள கன்றுக்கு வேண்டாம்.

#10 – டன்_கிலோ

திப்பி அண்ணே, தீவனம் சரி. அதுக்கு முன்னாடி பாலைக் கணக்கில் சேர்க்கலையே. 25 கிலோ கன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, நாளைக்கு 2.5 லிட்டர், 90 நாள்: 225 லிட்டர். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் 38 ரூபாய் ஆச்சு. 225 × 38 = 8,550 ரூபாய். எருமைக் கன்று 30 கிலோன்னு வையுங்க, நாளைக்கு 3 லிட்டர், 270 லிட்டர், எருமைப்பால் 47 ரூபாய்க்கு 12,690. கன்று வாயில போற ஒவ்வொரு லிட்டரும் கேன்ல போகாத லிட்டர். பால் விலை ஏற ஏறக் காளைக்கன்று சாகும். நாட்டு மாட்டிறைச்சி வரத்தை நிர்ணயிக்கிறது கறி விலை இல்லை, பால் விலைதான்னு நான் சொல்றது இதனாலதான்.

மேல, 100 கிலோவிலிருந்து 280 கிலோ வரை ஒரு வருஷம், சராசரி 2.2 கிலோ கலப்புத் தீவனம், மொத்தம் 800 கிலோ. கிலோ 25 ரூபாய்னு வச்சா 20,000. பாலோடு சேர்த்து 28,550. எலும்பில்லாத கறி 99 கிலோ. ஆக கறிக்குக் கிலோ 288 ரூபாய் அடக்கம், புல், கூலி, இறந்துபோற கன்று, வண்டி எதுவும் சேர்க்காம.

#11 – திப்பிமூட்டை

முப்பதாம் நாளிலிருந்து கன்றுத் தீவனம் பழக்கி 60 நாளில் பாலை நிறுத்தினா 150 லிட்டர், 5,700-க்கு வந்துரும். தோலுக்கும் ஒரு விலை இருக்கு.

#12 – எட்டுப்பல்

செலவைக் குறைச்சாலும் ஆகாது. #2-ஐத் திரும்பப் படிங்க. ஒன்றரை, இரண்டு வயசு, நல்ல ஆரோக்கியம், நல்ல சதை. அந்த மாட்டுக்குத் தமிழ்நாட்டில் எந்தச் சான்று கிடைக்கும்? பத்து வயசு ஆகலை, முடங்கவும் இல்லை. நீங்க எவ்வளவு நல்லா வளர்க்கறீங்களோ அவ்வளவு சட்டத்துக்கு வெளியே போகுது. ஆந்திரச் சட்டத்தில் வயசு வரம்பு இல்லை. உழவுக்கும் இனவிருத்திக்கும் கட்டுப்படி ஆகாத காளைன்னு சான்று வாங்கணும். அதனால கொழுக்க வைக்கிற தொழில் அந்தப் பக்கம் நடக்கலாம், சேலத்தில் முதல் போடறவர் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கிட்டுப் போடட்டும்.

#13 – திப்பிமூட்டை

ம். இது உறைக்குது. அப்போ வளர்த்தாலும் எல்லை தாண்டித்தான் விக்கணும், ஆறு மாட்டுக்கு ஒரு வண்டி வாடகை.

#14 – மேச்சேரி_தாம்புக்கயிறு

அந்த வாடகையைப் போட்டா உங்க 288 எங்க போய் நிக்கும்னு எழுத வேண்டியதே இல்லீங்க.

#15 – கொட்டகை_டாக்டர்

இரண்டு தொழில் விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, பாலினம் பிரித்த விந்து ஊசி. அதில் பத்துக்கு ஒன்பது கிடேரிக் கன்று. திப்பி அண்ணன் கணக்கில் 70 கன்றில் 35 காளை இருந்தது, இந்த ஊசி முழுசாப் பரவினால் 7. மானியத்தோடு வருவதால் பரவல் வேகமாக இருக்கிறது. விலை நிலைமை எப்படி இருந்தாலும், ஆண் மாடு இன்னும் சுருங்கும். எருமையில் இதன் பயன்பாடு குறைவு, அங்கே பாதிக்குப் பாதி தொடரும்.

இரண்டு, பத்து வயதை எப்படிப் பார்ப்பது. கலப்பினத்தில் பால்பல் விழுந்து முளைத்த நிலைப்பல் இரண்டு என்றால் சுமார் 2 முதல் இரண்டரை வயது, நான்கு பல் மூன்றை ஒட்டி, ஆறு நான்கை ஒட்டி, எட்டுப் பல் ஐந்தை ஒட்டி. எருமைக்கு அரை வருடம் முதல் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். எட்டுக்குப் பிறகு எண்ணிக்கை உதவாது, தேய்மானம்தான்: நடுப்பல் முகம் தட்டையாகி, பற்களுக்கிடையே சந்து விழுந்து, கழுத்து தெரியத் தொடங்கினால் பத்தை நெருங்குகிறது. மணல் கலந்த மேய்ச்சலில் வளர்ந்த மாட்டுக்குப் பல் முன்னதாகவே தேயும், எட்டு வயது பத்தாகத் தெரியும். கொம்பு வளையத்தை நம்ப வேண்டாம், ராவி எடுத்து வருகிறார்கள்.

2001 அறுவைக்கூட விதிப்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 மாடுகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. சினை மாடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றை உடைய தாய் மாடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்று ஆகியவற்றை அறுக்கக் கூடாது. இறக்கி நிறுத்தும் கொட்டகையில் பெரிய மாடு ஒன்றுக்கு 2.8 சதுர மீட்டர். இந்த இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை, அதன் விலையைக் கறி தருகிறது: இரவெல்லாம் வண்டியில் நின்று, தண்ணீர் இல்லாமல், வந்த வேகத்தில் அறுத்தால் தசையில் சர்க்கரை தீர்ந்திருக்கும். அமிலம் உண்டாகாது. கறி கருஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக, அமில அளவு (pH) 6-க்குக் கீழே இறங்காமல் நிற்கும். மதியத்துக்குள் நாறத் தொடங்குவது இந்தக் கறிதான். கடைக்காரரைத் திட்டுகிறோம், தவறு முந்தின இரவில் நடந்திருக்கும்.

ஏற்றுமதிக்காரர்கள் இந்த 6-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோமாரி நோய் இருக்கும் நாட்டிலிருந்து கறி போக வேண்டுமானால் உடலை 2 டிகிரிக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட்டு, முதுகுத் தசையின் நடுவில் அளந்தால் 6-க்குக் கீழே இருக்க வேண்டும். எலும்பும் நிணநீர் முடிச்சுகளும் நீக்க வேண்டும். நம் எருமைக்கறி எலும்பில்லாமல் மட்டும் போவதற்குக் காரணம் இதுவும்தான்.

#16 – ஒண்டிக்கடை_ஏற்காடு

டாக்டர் சார், மலை மேல ஓட்டல்களுக்குக் கீழிருந்து வர்ற கறி நல்ல சிவப்பாத்தான் இருக்கு, ஆனா ரப்பர் மாதிரி. அறுத்த ரெண்டு மணி நேரத்துல ஐஸ் பெட்டியில அடைச்சு 20 கொண்டை ஊசி ஏறி வந்து நேரா ஃப்ரீஸர். அதுலயா கோளாறு?

#17 – கொட்டகை_டாக்டர்

அதில்தான். தசை விறைத்து முடிவதற்குள் 10 டிகிரிக்குக் கீழே இறக்கினால் இழைகள் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அந்தச் சுருக்கம் முழுசாக விடாது. சிறு துண்டாக வெட்டி ஐஸில் வைத்தால் இன்னும் மோசம், குளிர் உடனே உள்ளே போகும். பெரிய துண்டாக, எலும்போடு, 15 டிகிரியை ஒட்டி ஒரு 10, 12 மணி நேரம் விட்டு, பிறகு 4 டிகிரியில் ஓரிரு நாள். அந்த வசதி இல்லையென்றால் அறுத்த காலையிலேயே சமைத்துவிடுங்கள், நடுவில் ஃப்ரீஸர் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்களுக்கு வருவது பத்து வயது எருது. அதன் சவ்வு கரைய வெப்பமும் நேரமும் வேண்டும். திறந்த அண்டாவில் கீழே ஆகிற நேரத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். குக்கர் என்றால் வித்தியாசம் சொற்பம்.

#18 – கணக்குமாடு

நாட்டுக் கணக்குக்கு ஒரு தடவை திரும்பறேன். ஏற்றுமதி ஏறினா உள்நாட்டுக் கறி குறையும்னு பொதுவாச் சொல்றாங்க. அப்படியா?

#19 – டன்_கிலோ

வரலாறு அப்படிச் சொல்லலை. 2014-15-ல் ஏற்றுமதி சுமார் 14.75 லட்சம் டன், உடல் எடையில் 20 லட்சத்துக்கு மேல், அப்போ உலகத்திலேயே முதலிடத்தில் நாம. 2022-23-ல் 11.75 லட்சத்துக்கு இறங்கி, அடுத்த வருஷம் 12.96. ஏற்றுமதி இறங்கின வருஷங்கள்ல உள்நாட்டுல கறி குவிஞ்சதா? இல்லை. ஏற்றுமதி ஆலைகள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா பக்கம், அந்த எருமை மேச்சேரிக்கு வரப்போறது இல்லை. ஆலை வாங்கலேன்னா விவசாயிக்குக் கிழட்டு எருமை விலை விழும், அடுத்த எருமை வாங்கக் கைக்காசு குறையும், மந்தை சுருங்கும். 2017 மே மாசம் சந்தையில் அறுவைக்கு மாடு விக்கத் தடை விதி வந்தப்போ இந்தச் சங்கிலி அறுந்து போகும்னுதான் பயந்தாங்க. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டிச்சது.

#20 – மேச்சேரி_தாம்புக்கயிறு

அந்த ஒரு வாரம் சந்தைல கயிறு விக்கிறவன்கூடச் சும்மா உட்கார்ந்திருந்தான். கிழட்டு மாடு போற விலைலதான் அடுத்த கறவைக்கு முன்பணம் கட்டுறாங்க, அது நிஜம்.

#21 – எட்டுப்பல்

21-வது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. முழு அட்டவணை கைக்கு வந்ததும் தலைப்புச் செய்தியில் வர்ற மொத்த எண்ணைத் தாண்டிப் போங்க. நான் தேடப்போற கட்டங்கள் மூணு: உழவுக்கும் வண்டிக்கும் வச்சிருக்கிற ஆண் மாடு, சேலம், ஈரோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டத்துக்கும் தனித்தனியா, ஒரு வயசுக்குக் கீழ் கலப்பினக் காளைக்கன்றுக்கும் கிடேரிக்கும் உள்ள விகிதம், தமிழ்நாட்டு எருமையில் கிடா எத்தனை. இரண்டாவது கட்டத்தில் காளை மேலும் சரிஞ்சிருந்தா, ஊசி வேலை செய்யுது, இல்லேன்னா கன்று எண்ண வர்றதுக்குள்ள விலை போயிருக்கு. எதுன்னு பிரிக்க, கிடேரிக் கன்று எண்ணிக்கை அதே அளவு ஏறியிருக்கான்னு பக்கத்துக் கட்டத்தைப் பாருங்க.